மல்கியா கேட்டது உங்கள் நகையை அல்ல

இன்னொரு குடும்பம். வேறொரு சபையில் காணிக்கை கொடுப்பதற்காகத் தாலிச் செயினை அடகு வைத்துவிட்டு, வட்டி கட்ட முடியாமல் ஆலோசனைக்கு வந்தார்கள். இப்படி வருகிறவர்கள் எல்லாரும் காட்டுவது ஒரே வசனம்தான்: தசமபாகத்தை, அதாவது பத்தில் ஒரு பங்கை, கொண்டுவந்தால் ஆசீர்வாதம் பொழியும் என்கிற பைபிள் வசனம், மல்கியா 3:10. "வானத்தின் பலகணிகள் திறக்கும்னு சொன்னாங்க ஐயா." போதகராக இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

அந்தப் புத்தகத்தை முதலிலிருந்து படியுங்கள். நாலே அதிகாரம், 55 வசனம்.

பெர்சியர் ஆட்சிக்குக் கீழிருந்த யூதர்களிடம் பேசிய தீர்க்கதரிசி மல்கியா. ஆலயத்தைத் திரும்பக் கட்டியாகிவிட்டது, பலியும் நடக்கிறது, பக்திதான் செத்துக் கிடந்தது. அவர் முதலில் பிடித்தது ஆசாரியர்களை. குருடும் ஊனமும் நோயுமான மிருகங்களைப் பலியிடுகிறீர்களே, இதை உங்கள் அதிபதிக்குக் கொடுத்துப் பாருங்கள் என்கிறார். (இதை வைத்துப் பிரசங்கம் கேட்டிருக்கிறீர்களா? எங்களுக்குப் பிடிக்காத பகுதி.) அப்புறம் இளவயதின் மனைவிக்குத் துரோகம் செய்தவர்கள். அப்புறம் கூலிக்காரனின் கூலியை அபகரித்தவர்கள், விதவையை ஒடுக்கியவர்கள். "என்னிடத்திற்குத் திரும்புங்கள்" என்ற அழைப்பு இத்தனைக்கும் பிறகு, 3:7இல் வருகிறது. தசமபாகம் அதற்கும் பிறகு.

தசமபாகத்துக்காக ஜனத்தைக் கண்டித்தது உண்மைதான், மறுக்கவில்லை. எதற்குக் கேட்டார்? "என் ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்கும்படி." பண்டசாலைக்குப் போனது தானியம், திராட்சரசம், எண்ணெய். விளைந்ததில் பத்தில் ஒன்று. விளையாததில் ஏது பத்தில் ஒன்று? அதைச் சாப்பிட்டவர்கள் ஆலயப் பணி செய்த லேவியர். மூன்றாம் வருஷப் பங்கில் அந்நியருக்கும் விதவைகளுக்கும் திக்கற்றவர்களுக்கும் இடமுண்டு. அது வராமல் போனதால்தான், பெர்சியருக்குக் கீழ் யூதாவின் அதிபதியாக இருந்த நெகேமியாவின் நாளில் லேவியர் வயலுக்கு ஓடிப்போனார்கள். அதே நெகேமியா, நிலத்தையும் வீட்டையும் அடகு வைத்துவிட்டு அழுத ஜனங்களைப் பார்த்ததும் யார்மேல் கோபப்பட்டார்? கடன் கொடுத்தவர்கள்மேல். அடகு பிடித்ததைத் திருப்பிக் கொடுக்க வைத்தார். இன்னும் கொஞ்சம் காணிக்கை விதைத்துப் பாருங்கள் என்று அந்த ஜனங்களிடம் அவர் சொல்லவில்லை.

சரி, என்ன செய்வது? கடன் வாங்கிக் காணிக்கை கொடுக்காதீர்கள். கூட்டத்தில் அழுதுகொண்டிருக்கும்போது தொகை எழுதிக் கொடுக்காதீர்கள். வீட்டுக்கு வந்து கணவன் மனைவி உட்கார்ந்து பேசுங்கள். கொடுக்காவிட்டால் சாபம் என்று மேடையிலிருந்து மிரட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். மல்கியா புத்தகத்தில் ஆசாரியர்மேல் வரும் சாபம் இரண்டாம் அதிகாரத்திலேயே இருக்கிறது. வேலைக்கு வருகிற அம்மாவுக்குச் சம்பள பாக்கி வைத்திருந்தால் அதை முதலில் தீருங்கள்.

உடன் ஊழியர்களிடம் ஒரு கெஞ்சல். காணிக்கை உறையில் வந்த பணம் அடகுக்கடையிலிருந்து வந்தது என்று தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பொருளாளர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.