விபத்தில் எலும்பு முறிந்தால் முதல் 48 மணி நேரம்: இன்னுயிர் காப்போம் திட்டம் உங்களுக்கு என்ன தருகிறது?

பைக்கின் குறுக்கே நாய் ஓடி வந்து, ஒருவர் சாலையில் விழுந்து கிடக்கிறார். கால் வளைந்திருக்கிறது. பக்கத்திலேயே ஒரு தனியார் மருத்துவமனை இருக்கிறது. ஆனாலும் சுற்றி நிற்பவர்கள் தயங்குகிறார்கள். உள்ளே போனதும் முன்பணம் கேட்பார்களே, வீட்டு ஆட்கள் வரட்டுமே என்று. இந்தத் தயக்கத்துக்காகத்தான் தமிழ்நாடு அரசு 2021 டிசம்பர் 18 அன்று, 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தை மேல்மருவத்தூரில் தொடங்கியது.

தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கிய எவருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அரசு மருத்துவமனைகளோடு, திட்டத்தில் சேர்க்கப்பட்ட தனியார் மருத்துவமனைகளிலும் இது கிடைக்கும். காப்பீட்டு அட்டை வேண்டாம், வருமானச் சான்று வேண்டாம். வெளிமாநிலத்தவர், வெளிநாட்டவர் என்றாலும் சரி. 81 வகை சிகிச்சை முறைகள் இதில் அடங்கும்; அதற்கான செலவை அரசு நேரடியாக மருத்துவமனைக்குக் கொடுத்துவிடும். தொடக்கத்தில் ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் வரை என்றிருந்த உச்சவரம்பு பின்னர் 2 லட்சமாக உயர்ந்தது.

போலீஸ் கேஸ் பதிவான பிறகுதான் தொடுவோம் என்று எந்த மருத்துவமனையும் சொல்ல முடியாது. உயிர் காக்கும் சிகிச்சைதான் முதலில், சட்ட நடைமுறைகள் அப்புறம் என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. உதவிக்கு வந்தவருக்கும் பாதுகாப்பு உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவின்படி, அவர் விரும்பாவிட்டால் பெயரையோ முகவரியையோ சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆகவே தயங்காமல் 108-ஐ அழையுங்கள்.

எலும்பு முறிவுக்கு 48 மணி நேரம் இருக்கிறதே, மெதுவாகப் போகலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். இலவசச் சிகிச்சைக்குத்தான் அந்தக் கணக்கு. எலும்பும் மூட்டும் அவ்வளவு நேரம் காத்திருக்காது.

காரில் முன்சீட்டில் இருப்பவரின் முழங்கால் டேஷ்போர்டில் மோதினால் இடுப்பு மூட்டு நழுவக்கூடும். அந்தக் கால் குட்டையாகி உள்பக்கம் திரும்பி நிற்கும். ஏறக்குறைய 6 மணி நேரத்துக்குள் மூட்டைப் பழைய இடத்தில் பொருத்தாவிட்டால், தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு ரத்தம் போகாமல் அது செத்துப்போகும் ஆபத்து கூடிக்கொண்டே போகும். தோலைக் கிழித்துக்கொண்டு எலும்பு வெளியே வந்திருந்தால், கிருமி எதிர்ப்பு மருந்து எவ்வளவு சீக்கிரம் உடம்பில் ஏறுகிறதோ அவ்வளவு நல்லது. அதனால் அங்கே போகலாமா இங்கே போகலாமா என்று ஊரெல்லாம் போன் போட்டுக்கொண்டிருப்பது காலுக்குச் செய்யும் கெடுதல்.

நாட்டுக் கட்டு பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். விபத்து நடந்ததுமே எக்ஸ்ரேகூட எடுக்காமல் கட்டுப் போடும் இடத்துக்குக் கூட்டிப்போவது நம் ஊர்களில் இன்னமும் நடக்கிறது. அடிபட்ட இடம் முதல் இரண்டு நாள் வீங்கிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினால், வீங்கும் தசைக்கு விரிய இடமில்லை. உள்ளே அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நின்றுபோகும். சில மணி நேரம் அப்படியே விட்டால் தசை அழுகி, கையையோ காலையோ எடுக்க வேண்டிய நிலை வரலாம். அரசே செலவை ஏற்கும் அந்த இரண்டு நாளை இப்படி இழப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

ஆம்புலன்ஸ் வரும்வரை, வளைந்ததை நேராக்க இழுக்காதீர்கள், எண்ணெய் போட்டு நீவாதீர்கள். எப்படி இருக்கிறதோ அப்படியே, அட்டையோ மடித்த செய்தித்தாளோ வைத்துத் துண்டால் தளர்வாகக் கட்டுங்கள். ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். வீக்கம் ஏறுவதற்கு முன்பே மோதிரம், வளையல், மெட்டியைக் கழற்றிவிடுங்கள். சோடா, காபி எதுவும் கொடுக்க வேண்டாம்; மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கலாம்.

அவசரப் பிரிவில் நோயாளிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள். கை முறிந்தவருக்கு முன்னால் தலையில் அடிபட்டவரைக் கவனித்தால் கோபப்படாதீர்கள். வார்டில் செவிலியர் அடிக்கடி வந்து விரல்களைத் தொட்டுப் பார்ப்பார், அசைக்கச் சொல்வார், மரத்துப்போகிறதா என்று கேட்பார். மாவுக்கட்டுக்கு உள்ளே ரத்தம் ஓடுகிறதா என்று பார்க்கும் காவல் அது. வலி மருந்து கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போனால், விரலை நீட்டும்போது உயிர் போவதுபோல வலித்தால், விரல் சில்லிட்டு வெளுத்தால், நள்ளிரவானாலும் செவிலியரை எழுப்புங்கள். வீட்டுக்கு வந்தபின் இப்படி ஆனால் விடியட்டும் என்று இருக்காமல் அந்த இரவே மருத்துவமனைக்குத் திரும்புங்கள். அரிக்கிறது என்று கட்டுக்குள் ஸ்கேலையோ பென்சிலையோ விடக் கூடாது.

48 மணி நேரம் முடிந்த பிறகு என்ன? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இருப்பவருக்கு அதன் கீழ் சிகிச்சை தொடரும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் அதில் சேரலாம்; குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். காப்பீட்டு அட்டை இல்லாத நோயாளியை, உடல்நிலை சீரானதும் அரசு மருத்துவமனைக்கு மாற்றி இலவசமாகப் பார்ப்பார்கள். தனியாரிலேயே இருக்க விரும்பினால் அதற்கு மேல் ஆகும் செலவு உங்களுடையது, அல்லது உங்கள் சொந்தக் காப்பீட்டினுடையது. பிளேட், ராடு வைக்கும் அறுவைச் சிகிச்சையைச் சில சமயம் வீக்கம் வடிந்த பிறகுதான் செய்வார்கள். அதனால் முதல் நாளே டாக்டரிடம் தேதியைக் கேட்டுக்கொண்டு, யாராவது ஒருவர் காப்பீட்டு அட்டை வேலையைப் பார்க்க வேண்டும்.

தென்னை மரத்திலிருந்தோ வீட்டு மாடிப்படியிலோ விழுந்தவருக்கு இந்த 48 மணி நேரத் திட்டம் பொருந்தாது. இது சாலை விபத்துக்கு மட்டும். அவர்களுக்கு அரசு மருத்துவமனையும் காப்பீட்டு அட்டையும்தான் வழி.

இடித்த வண்டி நிற்காமல் போய்விட்டதா? அப்போதும் ஒரு உரிமை இருக்கிறது, பலருக்குத் தெரியாத உரிமை. 2022 ஏப்ரல் 1 முதல் இப்படிப்பட்ட விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம், கொடுங்காயம் அடைந்தவருக்கு 50,000 ரூபாய் இழப்பீடு. எலும்பு முறிவும் எலும்பு விலகலும் சட்டப்படி கொடுங்காயம்தான். குற்றங்களுக்கான சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-வது பிரிவு அப்படியே சொல்கிறது. 'சின்ன கிராக்தானே' என்று விட்டுவிட வேண்டாம். முதல் தகவல் அறிக்கை, மருத்துவமனையின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) நகல், எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி, கோட்டாட்சியர் அல்லது தாசில்தார் அலுவலகத்தில் விண்ணப்பத்தைப் பற்றி விசாரியுங்கள். வண்டி எது என்று தெரிந்திருந்தால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 6 மாதத்துக்குள் மனு கொடுத்துவிடுங்கள்.

கட்டுப் பிரித்த பிறகு மடங்காத முழங்காலோடு வீட்டிலேயே முடங்கிவிடுபவர்கள் நிறையப் பேர். நடந்து மருத்துவமனைக்கு வர முடியாதவர்களுக்கு, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையாளர் வீட்டுக்கே வருவார். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால் போதும்.