பனையின் தலையில் முளைத்த ஆல்

காரைக்குடிப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் கண்மாய்க் கரையில் ஒரு பனையை ஆலமரம் சுற்றி வளைத்து நிற்கிறது. அப்பத்தா காலத்திலிருந்தே அப்படித்தானாம். ஆல் நெரித்தால் எந்த மரமும் செத்துவிடும் என்கிறார்களே, இந்தப் பனை எப்படிப் பிழைத்தது?"

செட்டிநாட்டுக் கண்மாய்க் கரைகளில் இப்படி ஒட்டி நிற்கும் ஜோடிகளைப் பார்த்திருப்பீர்கள். புருஷன் பெண்டாட்டி என்று மஞ்சள் துணி கட்டிக் கும்பிடுவார்கள். நடப்பதோ வெயிலுக்கான போட்டி.

ஆலம்பழம் தின்ற பறவை பனையில் உட்கார்ந்து எச்சமிடும். விதை கடுகைவிடச் சிறியது, உள்ளே சேமிப்பு அதிகமில்லை. புதர் நிழலில் விழுந்தால் பிழைப்பது கஷ்டம். மட்டை இடுக்கில் முளைத்தால் வெயில் தாராளம், தண்ணீருக்குத்தான் பஞ்சம். வேர் இறங்கி மண்ணைத் தொட்டதும் ஆல் வேகமெடுக்கும். வேர்கள் பருத்து, ஒன்றோடொன்று ஒட்டி, பனையைச் சுற்றி வலையாகிவிடும்.

சரி, நெரிப்புக்கு வருவோம். வேம்பு, புளி போன்றவை ஆண்டுதோறும் பருப்பவை. இலை சமைத்த சர்க்கரையைக் கீழே இறக்கும் குழாய்கள் பட்டையை ஒட்டியே ஓடுகின்றன. மரம் உள்ளிருந்து பருக்க, வேர்வலை வெளியே இடம் கொடுக்காமல் நிற்க, குழாய்கள் நடுவில் நசுங்கும். மரத்தின் வேர் பட்டினி கிடக்கும்.

பனையோ புல், மூங்கில், தென்னை கூட்டம். தண்டைப் பருக்கவைக்கும் வளர்திசு அதற்குக் கிடையாது. முதலிலேயே தன் பருமனை எட்டிவிட்டு, அப்புறம் உயரம் மட்டும்தான். பருக்காத மரத்தை வலை எதை வைத்து நெரிக்கும்? குழாய்களும் பட்டையோரம் மட்டும் ஓடுவதில்லை. பழைய ஓட்டு வீட்டில் பனங்கை அறுபட்ட முகத்தைப் பாருங்கள். ஓரத்தில் நெருக்கமாகவும் நடுவில் கலைந்தும் கறுப்புப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் நார் உறை போர்த்திய ஒரு குழாய்க் கற்றை. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத அழகு அது.

பனைக்கு ஆபத்து மேலேதான். அதற்கு ஒரே குருத்து. கிளைவிட்டு வேறு பக்கம் வெயில் தேட முடியாது. ஆலின் கிளைகள் கொண்டைக்கு மேலே கூரை போட்டுவிட்டால், ஓலை சமைப்பது குறைந்து பனை மெல்ல நலியும். உங்கள் கண்மாய்ப் பனையின் கொண்டை ஆலிலைகளுக்கு மேலே இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். இருந்தால் கவலையில்லை.

மஞ்சள் துணியால் அந்த மரங்கள் கோடரிக்குத் தப்பியிருந்தால் எனக்குச் சந்தோஷமே. ஆனால் இளம்பனையில் முளைத்த ஆலங்கன்றைப் பிடுங்கினால் குடும்பத்துக்கு ஆகாது என்று பயப்படவே வேண்டாம், தாராளமாகப் பிடுங்கலாம். இம்மாதிரி மரங்களைப் பள்ளிப் பிள்ளைகள் ஆண்டுக்கொரு முறை அளந்து எழுதிவைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதற்குப் பெரிய நிதி வேண்டாம், தையல் டேப்பும் ஒரு நோட்டும் போதும்.

பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் மதில் வெடிப்பிலும் இதே கன்றுதான் முளைக்கிறது. அங்கே விரல் பருமனிலேயே வேரோடு எடுத்துவிடுங்கள்.