மூட்டைப்பூச்சிக்கு நட்சத்திரக் கணக்கு தெரியாது

“தம்பி, கம்பெனி பேர் போட்ட வேன்ல வந்துடாதீங்க. அந்தச் சட்டையும் வேணாம்.”

போன வாரம் சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஓர் அக்கா, பூச்சி ஒழிக்கும் தொழில் செய்யும் என்னிடம் தொலைபேசியில் சொன்னது. இந்த மாதத்தில் இப்படிக் கேட்ட மூன்றாவது வீடு. இரண்டு புளோக் தள்ளி வேனை நிறுத்தி, சாமான்களைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, ஏதோ மளிகை கொடுக்க வந்தவன் மாதிரி மேலே போனேன்.

25ஆவது திருமண நாளுக்கு அவரும் கணவரும் மலேசியாவின் பினாங்குக்குப் போய்வந்திருக்கிறார்கள். இங்கே சிங்கப்பூரில் தனியார் வீட்டை 3 மாதத்துக்குக் குறைவாகவும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை 6 மாதத்துக்குக் குறைவாகவும் வாடகைக்கு விட முடியாது. அதனால் வீட்டுப் பாணியில் சொகுசாகத் தங்க ஆசைப்படும் நம்மவர்கள் மலாக்கா, பினாங்கின் ஜார்ஜ் டவுன் என்று கிளம்பிவிடுகிறார்கள். பழைய பங்களாவைப் புதுப்பித்த விடுதி, காலைச் சாப்பாடும் சேர்த்து இரண்டு இரவு. அக்கா படம் காட்டினார். செதுக்கு வேலை செய்த தேக்குக் கட்டில், தலைமாட்டில் வெல்வெட் பலகை, எண்ணிப் பார்த்தேன், ஒன்பது தலையணை.

ஊர் திரும்பிச் சில நாளில் அக்காவின் கையிலும் கழுத்திலும் வரிசையாகத் தடிப்பு. இறாலை நிறுத்தினார், கத்திரிக்காயை நிறுத்தினார், சோப்பை மாற்றினார். கணவருக்கு ஒன்றுமே இல்லாததால் “உனக்கு உடம்புச் சூடு” என்று அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆறு வாரம் கழித்து மெத்தையில் ஒன்று ஊர்ந்தபோதுதான் விஷயம் புரிந்தது. உடனே பழி பணிப்பெண்ணின் தலையில். அவருடைய மெத்தையைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டார்கள்.

அந்தப் பெண்ணின் அறையை அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. பயணப்பெட்டியைத் திறந்து வைத்த பெரிய அறையில்தான் எல்லாம். அதிலும் கணவர் படுக்கும் பக்கத்துத் தையலில்தான் கூட்டம் அதிகம். கடி இரண்டு பேருக்கும்தான். தடிப்பு எல்லாருக்கும் வராது. வருகிறவர்களுக்கும் சில சமயம் இரண்டு வாரம் ஆகும். அண்ணன் அப்போது ஒன்றும் பேசவில்லை.

“அவ்வளவு சுத்தமான இடம் தம்பி, ஒரு தூசி கிடையாது!”

இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. மூட்டைப்பூச்சி என்ன, கரப்பானா? அது சோற்றுப் பருக்கை தின்னாது, எண்ணெய்ப் பிசுக்கு தின்னாது, குப்பை இருக்கிறதா என்று பார்க்காது. குஞ்சிலிருந்து கிழம் வரை அதற்கு ஒரே சாப்பாடு, ரத்தம். நம் மூச்சுக்காற்றையும் உடம்புச் சூட்டையும் வைத்து ஆளைத் தேடிவரும். அது சூட்கேஸில் ஏறி ஊர் மாறும் பிராணி. ஆகவே வெளியூர்ப் பெட்டிகள் அதிகம் வந்துபோகும் இடம் அதற்கு விமான நிலையம் மாதிரி. செதுக்கு வேலை, வெல்வெட் மடிப்பு, கனத்த திரைச்சீலை எல்லாம் நமக்கு ஆடம்பரம், அதற்கு ஒளியும் சந்து. 2023இல் பாரிஸ் நகரமே மூட்டைப்பூச்சி என்று அலறியது நினைவிருக்கிறதா? அங்கே சுத்தம் போதாமலா?

விடுதிக்காரர்மேல் கோபித்தும் பயனில்லை. நேற்று வந்த விருந்தாளி விட்டுவிட்டுப் போனது அவருக்கும் தெரியாமல் இருக்கலாம். நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

அறைக்குள் போனதும் பெட்டியைக் கட்டிலில் போடாதீர்கள். குளியலறைத் தரையில் வையுங்கள். விரிப்பை விலக்கி மெத்தையின் நான்கு மூலைத் தையலிலும், தலைமாட்டுப் பலகைக்குப் பின்னாலும் கைப்பேசி வெளிச்சத்தை அடியுங்கள். பேனா மைப் புள்ளி போலக் கறுப்பாக இருந்தால் ஈரத் தாளால் தேயுங்கள். செம்பழுப்பாக இழுபட்டால் வேறு அறை கேளுங்கள், அடுத்த அறை வேண்டாம். மூன்று நிமிட வேலை. சாப்பாட்டைப் படம் எடுக்க அதைவிட அதிக நேரம் செலவழிக்கிறீர்கள்!

திரும்பி வந்ததும் பெட்டியைப் படுக்கையறையில் திறக்காதீர்கள். குளிர்ந்த நீரில் துவைத்து மூங்கில் கழியில் காயப்போட்டால் போதாது. சூடுதான் கொல்லும். வீட்டில் உலர்த்தி இல்லையென்றால் புளோக்குக்குக் கீழே இருக்கும் காசு போட்டுத் துவைக்கும் கடைக்குப் போய், அதிகச் சூட்டில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஊரில் கயிற்றுக் கட்டிலை உச்சி வெயிலில் போட்டுத் தட்டிய பாட்டிக்கு இது தெரிந்திருந்தது.

கொசு மருந்து அடிப்பவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், வேண்டாம். டிடிடி என்ற பூச்சிமருந்துக்கே 1947இல் ஹவாயில் டிமிக்கி கொடுத்த பூச்சி இது. கடைச் சரக்குக்குச் சாகாமல் சுவர் வெடிப்புக்கும் அடுத்த அறைக்கும் சிதறி ஓடும். நம் வெப்பமண்டல வகைக்கு வழுவழுப்பான பரப்பிலும் நன்றாக ஏறத் தெரியும். கட்டில் காலுக்கு அடியில் வைக்கும் பொறிக்கிண்ணத்தை மட்டும் நம்ப முடியாத தொழில் தலைவலி அது. கடிக்குப் பயந்து கூடத்தில் போய்ப் படுக்காதீர்கள், அதுவும் கூடவே வரும். மெத்தையை லிப்டில் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாகப் பாதிச் சாமானை எறிந்துவிட்டு என்னைக் கூப்பிடுபவர்கள் உண்டு. இரண்டாவது முறை வர வேண்டும் என்றால் பணம் பிடுங்குகிறான் என்று நினைக்காதீர்கள். முட்டை ஒரு வாரம், பத்து நாளில் பொரிக்கும், அதற்காகத்தான்.

ஈசூன் அக்கா பணிப்பெண்ணுக்குப் புது மெத்தை வாங்கிக் கொடுத்துவிட்டார். மன்னிப்புக் கேட்டாரா என்று நான் கேட்கவில்லை.

உங்களுக்கும் அப்படி ஒரு தடிப்பு வந்தால் அன்றைக்கே கூப்பிடுங்கள். வேனை நான்கு புளோக் தள்ளிக்கூட நிறுத்துகிறேன்.