ஸ்டோரிடெல்லிங் ஃபெஸ்டிவல்: தமிழில் எப்படிச் சொல்வது?

நகரங்களில் நடக்கும் கதை விழாக்களின் அழைப்பிதழ்களைப் பாருங்கள். இடம், நாள், நேரம் எல்லாம் தமிழில் இருக்கும். தலைப்பு மட்டும் ‘ஸ்டோரிடெல்லிங் ஃபெஸ்டிவல்’ என்றே இருக்கும். தமிழில் போட்டே தீருவது என்று முடிவு செய்தவர்களும் ஆளுக்கொன்றாகப் போடுகிறார்கள்: கதைசொல்லல் விழா, கதைகூறல் விழா, கதையாடல் விழா, நேரலைக் கதை விழா. நான்கும் ஒன்றல்ல. கடைசி இரண்டும் வேறு எதையோ சொல்கின்றன.

முதலில், இந்தச் சொல் எதைக் குறிக்கிறது? ஒருவர் எழுந்து நின்றோ உட்கார்ந்தோ, கையில் புத்தகமோ தாளோ இல்லாமல், எதிரில் இருப்பவர்களின் முகத்தைப் பார்த்து ஒரு கதையைச் சொல்வது. அவ்வளவுதான். படித்துக் காட்டினால் அது வாசிப்பு. பாத்திரமாகவே மாறி நடித்தால் நாடகம். கருத்தை நிறுவ நடுநடுவே கதை சொன்னால் சொற்பொழிவு. கதைசொல்பவர் ராஜாவாகவும் பேசுவார், அடுத்த வரியிலேயே ராஜாவைக் கிண்டல் செய்யும் ஊராராகவும் பேசுவார், பிறகு தானாகவே திரும்பி வந்து ‘அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா?’ என்பார். கேட்பவர்கள் சிரித்தால் அந்த இடத்தை நீட்டுவார், நெளிந்தால் சுருக்குவார். அச்சில் இருக்கும் கதைக்கு இந்த வசதி கிடையாது. விளம்பர நிறுவனங்களும் அலுவலகங்களும் இப்போது எதை எடுத்தாலும் ஸ்டோரிடெல்லிங் என்கின்றன. அது வேறு கணக்கு, இங்கே வேண்டாம்.

ஆங்கிலச் சொல்லின் வேர் கொஞ்சம் வேடிக்கையானது. ‘ஸ்டோரி’யும் ‘ஹிஸ்டரி’யும் ஒரே கிரேக்கச் சொல்லிலிருந்து கிளைத்தவை, அதன் மூலப்பொருள் விசாரித்து அறிதல். ‘டெல்’ என்ற வினைக்குப் பழைய ஆங்கிலத்தில் எண்ணுதல் என்றும் பொருள் உண்டு. வங்கியில் பணம் எண்ணித் தருபவரை ‘டெல்லர்’ என்பது அந்தப் பழைய பொருளின் மிச்சம். நிகழ்ச்சிகளை ஒவ்வொன்றாக எண்ணி வரிசையாக வைப்பதுதான் சொல்வது என்று அந்த மொழிக்காரர்கள் நினைத்திருக்கிறார்கள். விழா என்ற வடிவத்தைப் பொறுத்தவரை, 1973இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து ஜோன்ஸ்பரோ என்ற சிற்றூரில் ஒரு வண்டியையே மேடையாக்கித் தொடங்கிய தேசிய விழாவை இந்த அலையின் தொடக்கமாகச் சொல்வார்கள். மார்ச் 20ஆம் நாளை உலகக் கதைசொல்லல் நாளாகக் கொண்டாடும் வழக்கம் ஸ்வீடனில் 1990களின் தொடக்கத்தில் பிறந்தது.

இனி நம் பக்கம். ‘கதை’ என்பது வடமொழி ‘கதா’விலிருந்து வந்தது என்று அகராதிகள் சொல்லும். அதன் வேருக்கே ‘சொல்’ என்றுதான் பொருள். தனித்தமிழ் அறிஞர்கள் சிலர் ‘கதைத்தல்’ என்ற வினையைக் காட்டி இதைத் தமிழ் என்பார்கள். ஈழத்தில் கதைத்தல் என்றால் வெறுமனே பேசுதல். எந்த வழியில் போனாலும், கதை என்பது சொல்லப்படுவது என்ற இடத்தில்தான் போய் நிற்கிறோம். அந்த வகையில் ‘கதைசொல்லல்’ என்பது சொல்வதைச் சொல்வது என்றாகிறது. இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. அச்சு வந்த பிறகு கதை எழுதப்படுவதாகவும் ஆகிவிட்டதால், சொல்லப்படும் கதையைப் பிரித்துக் காட்ட இன்னொரு ‘சொல்’ தேவைப்படத்தான் செய்கிறது.

கதை என்ற சொல்லை எடுக்காமலேயே இந்தக் கலையைத் தொல்காப்பியம் தொட்டிருக்கிறது. உரைநடை வகைகளை எண்ணும்போது ‘பொருளொடு புணராப் பொய்ம்மொழி’ என்று ஒன்றைச் சொல்கிறது. இதற்கு உரை எழுதிய, பேராசிரியர் என்றே பெயர் கொண்ட பழைய உரையாசிரியர் தரும் எடுத்துக்காட்டு அருமையானது: ஒரு யானையும் ஒரு குருவியும் நட்பாகி, இன்ன இடத்துக்குப் போய், இன்னின்ன செய்தன என்று தொடர்ந்து சொல்லிக்கொண்டே போவது. அதோடு விடாமல், இது ஒருவரிடமிருந்து ஒருவர் கற்று வழிவழியாக வருவது என்றும் சேர்க்கிறார். யானை–குருவிக் கதையை இலக்கண உரையில் ஏற்றியதோடு, அது வாய்வழியாக வாழ்வது என்பதையும் கவனித்து எழுதிவைத்த மனிதர். நாட்டார் வழக்காற்றியல் வகுப்பில் முதல் நாளில் சொல்ல வேண்டிய வரி இது.

நகரம், விழா, கதை மூன்றும் ஒன்றுசேரும் இடம் மணிமேகலையின் முதல் காதை. பெயரே ‘விழாவறை காதை’, அதாவது விழாவை அறிவிக்கும் பகுதி. புகார் நகரில் இந்திர விழா 28 நாள் நடக்கப்போகிறது; யானையின் பிடரியில் முரசை ஏற்றி வள்ளுவன் (முரசறைந்து அறிவிப்பவன்) நகரெங்கும் அறைந்து சொல்கிறான். தெருவைச் சுத்தம் செய்யுங்கள், பூரண கும்பம் வையுங்கள் என்று வேலைகளை அடுக்கிக்கொண்டே வந்தவன், ‘தண்மணற் பந்தரும் தாழ்தரு பொதியிலும் புண்ணிய நல்லுரை அறிவீர் பொருந்துமின்’ என்கிறான். குளிர்ந்த மணல் பரப்பிய பந்தல்களுக்கும் ஊர்ப் பொதுவிடங்களுக்கும், நல்லுரை சொல்லத் தெரிந்தவர்களே, வந்து சேருங்கள் என்று அழைப்பு. வாதம் செய்பவர்களுக்குத் தனி இடம்: அவர்கள் பட்டிமண்டபம் ஏற வேண்டும். அரங்கு வாரியாக நிகழ்ச்சி பிரிப்பது புதிய ஏற்பாடு ஒன்றும் இல்லை. நல்லுரை என்பது அறவுரையாகத்தான் இருந்திருக்கும், கதை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கதை இல்லாமல் அறவுரை சொல்லி 28 நாள் கூட்டத்தை உட்கார வைத்திருப்பது யாராலும் ஆகிற காரியமா?

சரி, மேடையில் கதை சொல்வதற்குத் தமிழில் ஏற்கெனவே பெயர் இல்லையா? இருக்கிறது, நிறையவே இருக்கிறது. சிக்கலும் அங்கேதான்.

முதலில் நினைவுக்கு வருவது கதாகாலட்சேபம். காலம் + க்ஷேபம்; காலத்தைக் கழித்தல் என்பது நேர்ப்பொருள். ஹரிகதை என்றும் சொல்வார்கள். வைணவ மரபில் ஆசிரியரிடம் உட்கார்ந்து நூல் பாடம் கேட்பதைக் கிரந்த காலட்சேபம் என்பார்கள். தஞ்சையில் மராத்தியர் ஆட்சி நடந்த 1676 முதல் 1855 வரையிலான காலத்தில் பாட்டோடு கதை சொல்லும் அவர்களுடைய கீர்த்தன் மரபு இங்கே வேர் பிடித்தது. பின்னால், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் மராத்திய ஸாகி, திண்டி மெட்டுகளையும் கர்நாடக இசையையும் தமிழ்ப் பாட்டுகளையும் கலந்து, இன்று நாம் அறிந்த வடிவத்தைக் கொடுத்தார். பாகவதர் நின்றுகொண்டு கையில் சிப்ளாக்கட்டை என்ற மரத் தாளக்கட்டையைத் தட்டியபடி கதை சொல்வார். பின்னால் பின்பாட்டு, ஹார்மோனியம், மிருதங்கம், ஜால்ரா. ருக்மிணி கடிதம் எழுதிக்கொண்டிருக்கும்போது பாகவதர் திடீரென்று நிறுத்தி, பக்கத்து வீட்டு மாமியாரின் கதை ஒன்றுக்குள் நுழைவார். அதற்கு உபகதை என்று பெயர். சபை குலுங்கிச் சிரித்து ஓய்ந்ததும், விட்ட சொல்லிலிருந்தே ருக்மிணியை எடுப்பார். உபகதையிலிருந்து திரும்பி வரும் லாகவத்தை வைத்துத்தான் ஆளை எடை போட்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பெண் காலட்சேபம் செய்வதா என்ற எதிர்ப்பை மீறி மேடையேறியவர் சி. சரஸ்வதி பாய்.

சொல் அப்படியே இருக்கப் பொருள் வேறு பக்கம் சரிந்தது. ‘ஏதோ காலட்சேபம் ஓடுது’ என்றால் பிழைப்பு நடக்கிறது என்று அர்த்தம். வயிற்றுப்பாட்டுக்கும் அதே சொல், சபா மேடைக்கும் அதே சொல். அதைவிட முக்கியம், காலட்சேபம் என்றதும் புராணமும் பக்தியும்தான் நினைவுக்கு வருகின்றன. இந்தப் பிடியை உடைத்துப் பார்த்தவர் என்.எஸ். கிருஷ்ணன். நந்தனார் சரித்திரத்தின் சாயலில் அவர் செய்த கிந்தனார் காலட்சேபம் 1949இல் நல்லதம்பி படத்தில் வந்தது. நந்தன் சிதம்பரம் போகத் துடித்தான். கிந்தன் பட்டணம் போய்ப் படிக்கத் துடித்தான். ஆனால் காலட்சேபம் என்றால் எப்படி இருக்கும் என்பது பார்ப்பவர்களுக்கு அத்துப்படியாக இருந்ததால்தான் அந்தக் கேலி எடுபட்டது. கலை நிற்கும் தளம் மாறவில்லை. இன்றைய விழாவில் ஒருவர் தன் பேருந்துப் பயணத்தைப் பற்றிக் கதை சொல்வதைக் காலட்சேபம் என்றால் நகைச்சுவையாகத்தான் கேட்கும்.

வில்லுப்பாட்டு இன்னும் குறுகிய வட்டம். நெல்லை, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்துக் கோயில் கொடைகளில் (திருவிழாக்களில்) சுடலைமாடன், முத்தாரம்மன் கதைகளைச் சொல்லும் கலை. வில்லில் வீசுகோல், பக்கத்தில் குடம், உடுக்கை, கட்டை, ஜால்ரா. முதன்மைப் பாடகர் ஒரு வரி சொன்னதும் அடுத்தவர் ‘ஆமா’ போடுவார். கதையின் தாளம் அந்த ‘ஆமா’வில் இருக்கிறது. வீட்டில் பாட்டி கதை சொல்லும்போது பிள்ளைகள் ‘ம்’ கொட்டுவதும் இதேதான். கொட்டுவது நின்றால் தூங்கிவிட்டது என்று கணக்கு. சுப்பு ஆறுமுகம் இதைச் சென்னைக்கும் வானொலிக்கும் கொண்டுவந்து, காந்தி கதைவரை பாடிக் காட்டினார். இருந்தாலும் வில் இல்லாமல் வில்லுப்பாட்டு ஏது?

மற்றவை விரைவாக. வடதமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நடக்கும். பிரசங்கம் என்ற சொல்லோ இப்போது தேவாலயத்துக்கும் போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் புராண படனம் உண்டு: ஒருவர் கந்தபுராணத்தைப் பாடிப் படிப்பார், இன்னொருவர் பயன் சொல்வார், அதாவது பொருள் விரிப்பார். கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதையை உடுக்கை அடித்துப் பாடுவார்கள். ஒவ்வொன்றும் ஒரு கருவியோடோ ஒரு நூலோடோ ஒரு தெய்வத்தோடோ கட்டப்பட்ட பெயர். இவை எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் அழைக்கும் பொதுப்பெயர் நமக்குத் தேவைப்படவே இல்லை, ஏனென்றால் அவற்றை ஒரே கூரையின் கீழ் யாரும் கூட்டியதில்லை. நகர விழா கூட்டுகிறது. அதனால்தான் இப்போது சொல் தேடுகிறோம்.

இனி வேட்பாளர்கள். ‘கதையாடல்’ கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் திறனாய்வாளர்கள் அதை ‘நேரேட்டிவ்’ என்பதற்கு முன்பே எடுத்துக்கொண்டார்கள். ‘பெருங்கதையாடல்’ என்று அவர்கள் எழுதினால் அது தத்துவச் சண்டை. கதையாடல் விழா என்று அறிவித்தால் கருத்தரங்கு என்று நினைத்துப் பாதிப் பேர் வரமாட்டார்கள். ‘எடுத்துரைப்பு’ம் அதே திறனாய்வு அலமாரியில் இருப்பதுதான். ‘கதைகூறல்’ பிழையில்லை, ஆனால் யாரும் யாரிடமும் ‘ஒரு கதை கூறு’ என்று கேட்பதில்லை. கதை ‘விடுவார்கள்’, ‘அளப்பார்கள்’, ‘கட்டுவார்கள்’, இவையெல்லாம் பொய்க்கு. நல்ல கதைக்கு எப்போதும் ‘சொல்’தான்.

ஆகவே ‘கதைசொல்லல்’. இதிலும் ஒரு இலக்கணக் குறும்பு இருக்கிறது. அல் என்ற விகுதி பழந்தமிழில் ‘செய்யாதே’ என்பதற்கும் வரும். குறள் 196இல் ‘மகன்எனல்’ என்றால் மனிதன் என்று சொல்லாதே. அதே குறளில் ‘பதடி எனல்’ என்றால் பதர் என்று சொல். பயனில்லாத பேச்சைப் பற்றிய குறள் வேறு! கதைசொல்லல் விழா என்பதைக் ‘கதை சொல்லாதே விழா’ என்று படிக்கும் இலக்கணப் புலி இருந்தால் அவருக்கு ‘கதைசொல்லுதல்’ என்று கொடுத்துவிடலாம். மற்றவர்களுக்குக் குழப்பம் வராது.

சொல்பவருக்குக் ‘கதைசொல்லி’. விறகுவெட்டி, வழிகாட்டி, பாம்பாட்டி போல இகரம் சேர்ந்து ஆளைக் குறிக்கும், ஆண் பெண் பேதமும் இல்லை. கி. ராஜநாராயணனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தச் சொல் கூடவே வருவதால் மதிப்பும் ஏறியிருக்கிறது. ஒரே சங்கடம், நாவலுக்குள் ‘நான்’ என்று பேசும் குரலையும் விமர்சகர்கள் கதைசொல்லி என்றே எழுதுகிறார்கள். இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். ‘கதைசொல்லுநர்’ வேண்டாம், அலுவலகக் கோப்பு வாசனை அடிக்கிறது.

தலைப்போடு சிலர் சேர்க்கும் ‘லைவ்’ என்பதற்கு ‘நேரலை’ போடுவது சுத்தமாகத் தவறு. நேரலை என்பது அலைவழி நேரடி ஒளிபரப்பு. கதை கேட்பவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது அலைக்கு என்ன வேலை? ‘நேரில் கதை கேட்கலாம்’ என்று எழுதினால் போதும். பெரும்பாலான இடங்களில் அதுகூடத் தேவையில்லை. ‘ஃபெஸ்டிவல்’ பிரச்சினையே இல்லை. ஈரோட்டில் புத்தகத் திருவிழா என்கிறார்கள், சென்னையில் புத்தகக் காட்சி என்கிறார்கள். கதைக்குக் காட்சி ஒட்டாது. என் ஓட்டு ‘கதைசொல்லல் திருவிழா’வுக்கு. வாய்ப்பேச்சில் அது தானே ‘கதைத் திருவிழா’ என்று சுருங்கிவிடும், சுருங்கட்டும்.

இந்த விழாக்களில் கூடவே வரும் இரண்டு சொற்கள். ‘ஓப்பன் மைக்’: யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்பதால் ‘திறந்த மேடை’ பொருந்துகிறது. ‘ஸ்டோரி ஸ்லாம்’ கொஞ்சம் முரண்டு பிடிக்கும். 1997இல் நியூயார்க்கில் தொடங்கிய ‘தி மாத்’ அமைப்பு பரப்பிய போட்டி வடிவம் அது: பெயரைக் குலுக்கி எடுத்து மேடைக்கு அழைப்பார்கள், கையில் தாள் கூடாது, ஐந்து நிமிடம்தான், சொல்வது தனக்கே நடந்த உண்மையாக இருக்க வேண்டும், பார்வையாளர்களில் சிலரே மதிப்பெண் போடுவார்கள். ‘சொந்தக் கதைப் போட்டி’ என்று வைக்கலாம். ‘சொந்தக் கதை, சோகக் கதை’ என்று யாராவது கிண்டலடிப்பார்கள். போட்டிக்குப் பேர் கொடுப்பவர்களில் பாதிப் பேர் அதைத்தான் சொல்லப்போகிறார்கள் என்பதால் அதுவும் பொருத்தமே.