தலைமதகு எங்கே இருக்கிறது?

மன்னார்குடிப் பக்கம் விவசாயம் பார்க்கும் சித்தப்பா, தன் நெல் ரகங்களுக்கு ஒரு சின்ன இணையதளம் கேட்டார். மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, பூங்கார் என்று நாலைந்து பக்கம்தான். என் லேப்டாப்பில் அழகாக ஓடியது. இலவச ஹோஸ்டிங்கில் ஏற்றியதும் எழுத்து மட்டும் மிஞ்சியது. வண்ணமும் இல்லை, படமும் இல்லை. “என்னப்பா, நெல்லைக் காணோம், பதர்தான் வந்திருக்கு” என்றார்.

இப்படிப்பட்ட ஸ்டாட்டிக் தளத்துக்கு சர்வர் எதையும் யோசிப்பதில்லை. கேட்ட கோப்பை எடுத்து அப்படியே நீட்டும். ஆகவே முகவரி தப்பினால் எல்லாம் தப்பும். நான் எழுதியிருந்தது “/படங்கள்/...” என்று. முன்னால் நிற்கும் அந்த ஸ்லாஷுக்கு “டொமைனின் தலையிலிருந்து எண்ணு” என்று பொருள். லேப்டாப்பில் தளமே தலையில் இருந்தது. ஹோஸ்டிங்கிலோ டொமைனுக்குக் கீழே ஒரு துணை ஃபோல்டரில் இருந்தது. கிட்ஹப் பேஜஸ் என்ற ஹோஸ்டிங் சேவையில் ஒரு ப்ராஜெக்ட்டுக்குத் தளம் வைத்தாலும் இதே அமைப்புதான். கிளை வாய்க்காலில் வயலை வைத்துக்கொண்டு, வெண்ணாற்றுத் தலைமதகிலிருந்து மூன்றாவது மடை என்று ஆளை அனுப்பினால், அவர் யார் வயலிலோ போய் நிற்பார்.

ஸ்லாஷை எடுத்துவிட்டால்? அப்போது இருக்கும் பக்கத்திலிருந்து எண்ணும். பக்கத்தை ஒரு ஃபோல்டர் உள்ளே தள்ளினால் மறுபடி வழி தப்பும். அதனால் தலை எது என்பதை அமைப்புக் கோப்பில் ஒரே இடத்தில் எழுதிவிடுவது நல்லது. ஸ்டாட்டிக் தளத்தைக் கட்டித் தரும் மென்பொருள்களான ஹ்யூகோ, ஜெக்கில் இரண்டிலும் இதற்கு பேஸ் யூஆர்எல் என்ற அமைப்பு உண்டு. தளத்தைக் கட்டும் கட்டளையிலேயே அதை மாற்றிக் கொடுக்கலாம். லேப்டாப்புக்கு ஒன்று, ஹோஸ்டிங்குக்கு ஒன்று. முகவரியை முழுதாகக் கையால் எழுதாமல், அந்தத் தலையை முன்னால் சேர்த்துத் தரும் ஃபில்டர் (ஹ்யூகோவில் ஃபங்ஷன்) வழியாக எழுத வேண்டும், அவ்வளவுதான்.

சரி, எல்லாம் வந்தது, பூங்கார் படம் தவிர. கோப்பின் ஆங்கிலப் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கியது, நான் பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தேன். விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது. ஹோஸ்டிங்கில் இருக்கும் லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு கோப்பு. (தமிழில் பெயர் வைத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.) பெயரை மாற்றி ஏற்றினேன், அப்போதும் வரவில்லை. பெரிய எழுத்து சின்ன எழுத்தாக மட்டும் மாறினால், கோப்புகளின் மாற்றங்களைக் கணக்கு வைத்து ஏற்ற உதவும் கிட் என்ற மென்பொருள் விண்டோஸில் அதை மாற்றமாகவே எடுத்துக்கொள்வதில்லை. கிட் எம்வி என்ற கட்டளையால் பெயரை மாற்றிய பிறகுதான் பூங்கார் வந்து சேர்ந்தது.