இடது கால் கொலுசு

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து வந்த அந்த அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். வாசலிலிருந்து என் மேசைக்கு வருவதற்குள் இரண்டு முறை நின்றுவிட்டார். "வெயிட் போட்டுட்டா சார், அதான் மூச்சு வாங்குது" என்றார் கணவர். அந்த அம்மாவும் தலையாட்டினார். நான் கொலுசைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது காலில் அது தளர்ந்து கிடந்தது. இடது காலில் சதைக்குள் பதிந்து சிவப்பாகக் கோடு போட்டிருந்தது. அந்தக் காலில் ஐந்து வாரம் மாவுக்கட்டு இருந்ததாம். கட்டுப் பிரித்த அன்று ஆசையாக மாட்டிய கொலுசு, இப்போது கழற்ற வரவில்லை.

சி.டி. ஸ்கேனில் இரண்டு நுரையீரல்களின் ரத்தக்குழாய்களிலும் ரத்தக்கட்டி. காலில் உறைந்த ரத்தம் பிய்த்துக்கொண்டு மேலேறி, இதயம் வழியாக நுரையீரலில் போய் அடைத்திருக்கிறது. இதைத்தான் பல்மனரி எம்பாலிசம் என்கிறோம்.

உடல் பருமன் இருந்தால் இப்படிக் கட்டி உண்டாகும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல். வயிற்றுக் கொழுப்பு அழுத்துவதால் காலிலிருந்து ரத்தம் மேலேறுவது மந்தமாகிறது. கொழுப்புத் திசு சுரக்கும் சில பொருட்கள், உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் உடலின் வேலையையும் தடுக்கின்றன. நம்மில் பலர் தங்களைப் பருமனானவர்களாக நினைப்பதே இல்லை. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்தான் பி.எம்.ஐ. அது 30-ஐத் தொட்டால் பருமன் என்பது உலக அளவுகோல், இந்தியர்களுக்கு 25. அதாவது 160 செ.மீ. உயரமுள்ளவர் 64 கிலோவைத் தொட்டாலே கணக்கில் வந்துவிடுவார்.

அப்படியானால் ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகும் பருமனானவர்கள்தான் அதிகம் இறக்கிறார்களா? அமெரிக்க மருத்துவமனைப் பதிவுகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வுகளில் பதில் தலைகீழாக வந்தது. பருமனானவர்களிடம் மரணம் குறைவு, மிகவும் மெலிந்தவர்களிடம் அதிகம். இதைப் படித்துவிட்டு "குண்டா இருந்தா நல்லதாமே" என்று ஒருவர் என்னிடமே கேட்டார். இல்லை. பருமனானவர்களுக்குக் கட்டி இளம் வயதிலேயே வந்துவிடுகிறது. வயது குறைவு என்பதால் தாங்குகிறார்கள். மெலிந்தவர்களில் பலர் புற்றுநோயாலோ முதுமையாலோ ஏற்கெனவே வற்றிப்போனவர்கள். கொழுப்பு காப்பாற்றியது என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. தவிர, அந்தக் கணக்கில் இருப்பவர்கள் எல்லாரும் ஆஸ்பத்திரி வந்து, நோய் இன்னதென்று தெரிந்து சேர்க்கப்பட்டவர்கள். எடையால்தான் மூச்சு வாங்குகிறது என்று வீட்டிலேயே இருந்துவிட்டவர் அதில் வருவதில்லை. என் கவலை அவரைப் பற்றித்தான்.

சேர்ந்த பிறகும் ஒரு இடத்தில் தவறிவிடலாம். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் எனாக்ஸாபரின் ஊசி பொதுவாகக் கிலோவுக்கு 1 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை. எடை கேட்டதற்கு அந்த அம்மா, "எழுபது இருக்கும்" என்றார். சக்கர நாற்காலியோடு எடைமேடையில் ஏற்றி, நாற்காலியின் எடையைக் கழித்துப் பார்த்தோம்: 94. எழுபதை நம்பியிருந்தால் மருந்து கால் பங்கு குறைந்திருக்கும். தயவுசெய்து எடையைக் கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்லாதீர்கள். "எடை போட்டுப் பாருங்க" என்று நீங்களே கேளுங்கள்.

கடலூர், புதுச்சேரிப் பக்கம் நான் அடிக்கடி பார்க்கும் இன்னொன்று, ஒரு கால் மட்டும் வீங்கினால் சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவிவிடுவது. உள்ளே கட்டி இருந்தால் அது நகர்ந்துவிடக்கூடும். முதலில் காலின் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பாருங்கள். சினைப்பை நீர்க்கட்டிக்காக ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கலந்த மாத்திரை எடுக்கும், எடை கூடிய பெண்கள் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். ஆபரேஷன், பிரசவம், மாவுக்கட்டு, நான்கு மணி நேரத்துக்கு மேல் பஸ் பயணம் எதுவானாலும் கால் அசையாமல் கிடக்கக் கூடாது. திடீரென மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுத்தால் நெஞ்சு வலித்தாலோ, மயங்கி விழுந்தாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கொலுசை நர்ஸ் வெட்டித்தான் எடுத்தார். ஊசிக்குப் பதில் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்திருந்தோம். இரண்டாவது வாரம் மூச்சு சீரானதும், "மாத்திரையை நிறுத்திட்டு நடந்து எடையைக் குறைச்சுக்கட்டுமா சார்?" என்று அந்த அம்மா கேட்டார். நடங்கள், எடையும் குறையட்டும், ஆனால் மாத்திரை குறைந்தது மூன்று மாதம் என்றேன். கணவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்து விரல் விட்டு எண்ணிக்கொண்டார்.