பழைய துருக்கிக் கம்பளம்: கறுப்புக் கோடு தேய்ந்தால் பதற வேண்டாம்

கையால் நெய்த பழைய கம்பளங்களைச் சுத்தம் செய்து பழுது பார்ப்பது என் தொழில். துருக்கிக் கம்பளம் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் அதிலுள்ள உருவங்களின் அர்த்தத்தைத்தான் முதலில் கேட்கிறார்கள். இடுப்பில் கைகளை ஊன்றி நிற்கும் பெண் உருவம் 'எலிபெலிந்தே', தாய்மைக்கானது. 'கோச் பொய்னுஸு' என்ற கடாக்கொம்பு ஆண்மைக்கும் வீரத்துக்கும். முக்கோண 'முஸ்கா' தாயத்து. கண்ணேறு படாமலிருக்கக் கண் உருவமும் உண்டு. ஆனால் இவற்றை வைத்து நெய்தவளின் வாழ்க்கைக் கதையையே சொல்லி விலையை ஏற்றும் கடைக்காரரை நம்பிவிடாதீர்கள். தாய் நெய்ததைப் பார்த்து மகள் நெய்த வடிவங்கள் இவை. அழகாக இருக்கிறது என்பதற்காகவும் நெய்திருப்பார்கள்.

நான் முதலில் பார்ப்பது அந்த உருவங்களைச் சுற்றி ஓடும் கரும்பழுப்பு அல்லது கறுப்புக் கோட்டை. அந்தக் காலத்தில் இந்த நிறங்களுக்குச் சாயத்தோடு இரும்பு உப்பைச் சேர்த்தார்கள். காலப்போக்கில் இரும்பு கம்பளி இழையை அரித்துவிடும். மஞ்சிட்டி இனச் செடியின் வேரிலிருந்து எடுத்த சிவப்பும் அவுரி நீலமும் அப்படியே நிற்க, கறுப்பு மட்டும் தேய்ந்து பள்ளமாகும். உருவங்கள் புடைத்துத் தெரியும். பூச்சி அரித்துவிட்டது என்று பதறி, புது நூலால் நிரப்பித் தரக் கேட்பவர்கள் உண்டு. மட்டமாக இருக்கட்டும் என்று மற்ற நிறங்களையும் கத்தரிக்கச் சொல்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அடியில் பாவும் (நீளவாட்டு நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) உறுதியாக இருந்தால் அந்தப் பள்ளத்தால் கம்பளத்துக்குக் கேடில்லை. நல்ல கம்பளியைக் கத்தரித்துவிட்டால் போனது போனதுதான்.

சிவப்பு நடுவில் பட்டையாக வெளிறித் தெரிந்தாலும் இதே பதற்றம். ஒரு தடவை தோய்த்த நூல் தீர்ந்து அடுத்த தடவை தோய்த்ததை எடுத்தால் நிறம் சற்று மாறும். அது குறையே இல்லை.

சரி, கழுவலாமா? 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து துருக்கியின் அனடோலியாப் பகுதியில் செயற்கைச் சாயங்கள் பரவின. அவற்றில் சில தண்ணீர் பட்டதும் கசியும். ஒவ்வொரு நிறத்தின் மேலும் ஈரமான வெள்ளைத் துணியைச் சற்று நேரம் அழுத்திப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் வீட்டில் நனைக்கவே கூடாது. ஏறாவிட்டாலும் சலவைத்தூள், பிளீச்சிங் பவுடர் பக்கம் போகாதீர்கள். காரமும் குளோரினும் கம்பளியைக் கெடுக்கும். இன்னொன்று: இயற்கைச் சாயம் என்பதாலேயே பழையது என்று ஆகிவிடாது. சானக்கலே மாகாணத்தின் அய்வஜிக் பகுதியில் 1981இல் தொடங்கிய டோபாக் திட்டம் இயற்கைச் சாயத்தை மறுபடி கிராமத் தறிகளுக்குக் கொண்டுவந்தது.

ஓரக் குஞ்சம் நைந்துவிட்டது என்று வெட்டிவிடுகிறார்கள். கையால் நெய்த கம்பளத்தில் குஞ்சம் பாவு நூலின் நுனி. அதை வெட்டினால் கடைசி வரிசை ஊடையும் முடிச்சுகளும் ஒவ்வொன்றாக அவிழத் தொடங்கும். சுழலும் பிரஷ் உள்ள வாக்குவம் கிளீனரும் குஞ்சத்தை இழுத்துப் பிய்த்துவிடும். பிரஷை நிறுத்திவிட்டு உறிஞ்ச மட்டும் செய்யுங்கள்.

உண்மையான பூச்சி அரிப்பு வேறு மாதிரி இருக்கும். நிறம் பார்க்காமல் திட்டுத் திட்டாகக் கம்பளி போயிருக்கும், புழுவின் மெல்லிய வெள்ளைக் கூடுகள் ஒட்டியிருக்கும். இருட்டும் அசையாத இடமும்தான் அந்துப்பூச்சிக்குப் பிடிக்கும். சோபாவுக்கு அடியில் இருக்கும் பகுதியை அடிக்கடி வெளியே இழுத்து, புரட்டிப் போட்டு, பின்பக்கத்தையும் சுத்தம் செய்யுங்கள். கூடு தென்பட்டால் அந்துருண்டையை மட்டும் நம்பிச் சுருட்டி வைக்காதீர்கள். மற்ற கம்பளித் துணிகளிலிருந்து அதைப் பிரித்து வைத்துவிட்டு, விவரம் தெரிந்தவரிடம் உடனே காட்டுங்கள்.